இரண்டு அங்குலம் இறங்கிய வண்டி

அத்தியாயம் 11

செருப்பைக் காணோம்.

சுண்டுவுக்குக் காலை எரிச்சல் அதில்தான் ஆரம்பித்தது. அந்த வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் எல்லாம் ஒரே அளவு. ஒரே பாதம், ஒரே கை, ஒரே தோள். முந்திக்கொண்டவளுக்குச் செருப்பு என்பதுதான் அங்கே சட்டம். போன மாதம் வாங்கிய பழுப்பு நிறச் செருப்பு, வாரின் மினுமினுப்புக்கூட இன்னும் போகவில்லை. அதை மாட்டிக்கொண்டு பாப்பா ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள்.

"ஒன்பது மணிப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கு யாருடி கதவைத் திறந்து வெச்சிருக்கா?" என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள். பத்தொன்பது நாளாக இதே கதைதான். சீக்கிரம் போகிறாள், நேரம் கழித்து வருகிறாள், கேட்டால் பரீட்சை என்கிறாள். பதினேழு வயதுப் பெண்ணை எத்தனை தடவைதான் கேட்பது?

சுண்டு குளியலறைச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அவளுடைய நிஜப் பெயர் இப்போது ரேஷன் அட்டை மாதிரிக் காகிதங்களில் மட்டும்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு, ஆறடி மாப்பிள்ளை பக்கத்தில் அவளை நிறுத்திப் பார்த்த யாரோ ஒரு வாயாடி, "நடுவிரலுக்குப் பக்கத்துல சுண்டுவிரல்" என்று சொல்லித் தொலைத்தாள். ஒட்டிக்கொண்டது. சுண்டு அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பதினெட்டு வருடமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த நடுவிரல் இப்போது கட்டிலில் கிடந்தது.

போன வாரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் வாங்கி ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுண்டுவின் வீட்டுக்காரர் வேலை. பத்தொன்பது நாளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத கிடங்குத் தெருவில், ராத்திரி வேலை முடிந்து நடந்துபோன ஒரு வாட்ச்மேன் மேல் அவர் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. வாட்ச்மேன் நினைவே திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இவருக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயிற்று. "நான்தான் ஓட்டினேன். தனியாத்தான் வந்தேன். தூக்கக் கலக்கம்" என்று போலீஸில் சொன்னார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு கால் இரண்டு அங்குலம் குறையும், இனிமேல் வண்டி ஓட்டுவதெல்லாம் நடக்காது என்று டாக்டர் சொன்னபோது, "பாத்தியா சுண்டு, உன் உயரத்துக்கு இறங்கி வர்றேன்" என்று சிரித்தார் மனிதர். அன்றைக்கு அவள் அழுத அழுகையை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆய்வக மேலாளர் நல்லவர்தான், ஆனால் ஆய்வகம் காத்திருக்காது. "நாளைக்குக் காலை ஆறு மணிக்கு உங்க வீட்டிலிருந்து யாராவது அதே வண்டியோட வந்தா ரூட்டு உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றுவிட்டார். பெட்டி பூட்டும் இரும்புச் சட்டம் அந்த வண்டியில்தான் இருக்கிறது. சுண்டுவிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் சின்ன வண்டியை ஓட்டிப் பழகிய கையும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. கால் தரையில் எட்டாது.

அவள் முதலில் இந்தப் பேச்சை எடுத்தபோது கட்டிலில் இருந்தபடியே குதித்தார். "ஆழம் தெரியாம காலை விடாதேடி" என்றார். ஆனால் முந்தாநாள், போலீஸ் வண்டியைத் திருப்பித் தரப்போகிறது என்று தகவல் வந்த கையோடு, தானாகவே கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பிகிட்ட விடு. எல்லாத்தையும் உன் அளவுக்கு மாத்தச் சொல்லு. சீட்டு, ஷாக், லீவர், ஒண்ணு விடாம. உடனே மாத்திடு."

பதினெட்டு வருடத்தில் அவர் அவள் பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே இல்லை. சுண்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்கலங்கலை இந்த அத்தியாயம் முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கொழுந்தனின் பட்டறை மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் தெரு. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவள் தலை பின்னிக்கொள்ளும் முக்காலியை ஒளித்துவைத்துவிட்டு, "அண்ணி, கண்ணாடி எட்டலையா?" என்று கேட்ட பயல். இப்போது முப்பது வயது. கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்கக் கிண்டல்.

"வாங்க அண்ணி. வண்டியைச் சின்னதாக்கிறதா, உங்களை இழுத்து நீட்டுறதா? ரெண்டுக்கும் ஸ்பேனர் இருக்கு."

"முதல்ல உன் நாக்கை ரெண்டு அங்குலம் குறை."

வண்டி நடுவில் நின்றது. உடைந்த முகப்பு விளக்கையும் வளைந்த ஹேண்டிலையும் நேற்றே மாற்றியிருந்தான். சக்கரத்தைத் தாங்கும் முன்பக்கக் குழாய்கள் இரண்டையும் கவ்விக்குள் மேலே ஏற்றி, முன்புறத்தையும் ஓர் அங்குலம் இறக்கியாகிவிட்டது. பின்னால் மட்டும் இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, திருப்பத்தில் சொன்ன பேச்சு கேட்காது என்றான்.

பக்கத்துக் கடை சீட் தைக்கிறவர் உறையை உரித்து, ரம்பத் தகட்டால் மெத்தையைச் சீவிக்கொண்டிருந்தார். மஞ்சள் துகள் பறந்தது. மேலே மட்டுமில்லாமல் இரண்டு ஓரத்தையும் சீவினார்.

"ஓரத்தை எதுக்குங்க?" என்றாள் சுண்டு.

"சீட்டு அகலமா இருந்தா தொடை விரியும்மா. கால் நீளத்துல பாதி அதுலயே போயிடும். உசரம் குறைச்சல்னு எல்லாரும் காலைத் திட்டுவாங்க. தப்பு சீட்டு மேல" என்றார் அவர்.

சுண்டுவுக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் தப்பு அவள் கால்மேல் இல்லை என்கிறார்.

கொழுந்தன் சைட் ஸ்டாண்டைக் கழற்றி, ஒரு துண்டு அறுத்து, திரும்ப ஒட்டவைத்தான். தீப்பொறி அடங்கியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வண்டியை இறக்கிட்டு இதை விட்டுட்டா அவ்வளவுதான். வண்டி நெட்டுக்குத்தா நிக்கும், காத்தடிச்சாலே அந்தப் பக்கம் குப்புற விழுந்துடும். ஒண்ணைக் குறைச்சா எல்லாத்தையும் குறைச்சாகணும் அண்ணி."

பிறகு குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷாக்கை மாற்ற உட்கார்ந்தான். பழையதைக் கழற்ற ஸ்பேனரை வைத்தவன், அப்படியே நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லை." கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். அந்தப் பக்கம் போய் அங்கேயும் பார்த்தான். "ஷாக்குக்கு அடியில இந்த வளையம் தெரியுதா அண்ணி? அஞ்சு பல் இருக்கும். கனம் ஏத்துறவங்க அஞ்சாம் பல்லுல வெப்பாங்க, பின்பக்கம் விறைப்பா உசந்து நிக்கும். அண்ணன் எப்பவும் அஞ்சுதான். விபத்துக்குப் பத்து நாள் முன்னாடி சர்வீஸுக்கு வந்தப்பகூட நானே என் கையால வெச்சேன். இப்போ ஒண்ணுல இருக்கு. ரெண்டு பக்கமும்."

"அடிபட்டதுல நகர்ந்திருக்கும்."

"இது அடிபட்டு நகராது. ஸ்பேனர் போட்டுத் திருப்பணும்." தோளைக் குலுக்கினான். "ஸ்டேஷன்ல எவனாவது நோண்டியிருப்பான். விடுங்க."

விட்டார்கள். பழைய ஷாக்குகள் இரண்டும் மூலையில் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின. குட்டையான புது ஷாக்குகள் ஏறின. சீவிய சீட் வந்து உட்கார்ந்தது.

"ஏறுங்க."

சுண்டு ஏறினாள். குளியலறைச் செருப்பின் முன்பாதி தரையைத் தொட்டது. இரண்டு காலும்! உடம்பை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தாள். மலை மாதிரி இருந்த வண்டி, சொன்னபடி கேட்கிற எருமை மாதிரி அவளுக்குக் கீழே நின்றது.

"எட்டுதுடா!" என்றாள். பத்தொன்பது நாளில் அவள் சிரித்த முதல் சிரிப்பு. சீட் தைக்கிறவர்கூடக் கை தட்டினார்.

"கிளட்ச் பிடிங்க. லீவர் தூரமா இருக்கும், கிட்ட கொண்டு வரணும்" என்று திருப்புளியோடு வந்தான் கொழுந்தன்.

சுண்டு விரல்களை நீட்டினாள். நீட்ட வேண்டியிருக்கவில்லை. கிளட்ச் லீவர் அவள் இரண்டாம் மடிப்பில் வந்து பதவிசாக உட்கார்ந்தது. வலது கையில் பிரேக் லீவரும் அப்படியே.

"கிட்டத்தான் இருக்கு. எனக்குச் சரியா இருக்கே!"

அவன் குனிந்து பார்த்தான். லீவர் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று, அதில் ஒன்றிலிருந்து நாலுவரை எண் இருக்கும். ஒன்று வைத்தால் லீவர் கைப்பிடிக்குக் கிட்டே வரும், நாலு வைத்தால் தள்ளிப் போகும். அண்ணனுடைய கை விசிறி அளவு. அவர் வண்டியில் நாலைத் தவிர வேறு எண்ணை அவன் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றில் இருந்தது.

"நீதான் நேத்து மாத்தியிருப்பே" என்றாள் சுண்டு.

"நான் ஹேண்டில் குழாயை மட்டும்தான் மாத்தினேன். லீவரைக் கழட்டி அப்படியே திரும்ப மாட்டினேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. சீட் தைக்கிறவர் தன் கடைக்குள் போகும்வரை காத்திருந்தான். "அண்ணி, ஒண்ணு கேட்பேன், கோச்சுக்கக் கூடாது. அன்னைக்கு வண்டியை நீங்க ஓட்டினீங்களா?"

"உனக்கு என்ன பைத்தியமா? நான் அன்னைக்கு அடுப்படியில இருந்தேன். போன் வந்ததும் உனக்குத்தானே முதல்ல சொன்னேன்?"

"ஆமா. சொன்னீங்க." திருப்புளியைத் துணியில் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். "அப்போ உங்க கை அளவு வேற யாருக்கு இருக்கு?"

சுண்டு குளியலறைச் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பாப்பாவுக்குக் கணக்கு டியூஷன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டி கழுவிவரப் போகிறேன் என்று அவரும் கிளம்பிவிடுவார். குளிர்ப்பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். விபத்தன்றும் பெட்டி வீட்டில்தான் இருந்தது, பின்சீட் காலி. அன்று மத்தியானம் பாப்பாவின் உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. டியூஷன் மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற பதற்றத்தில் சுண்டு அதற்கு மஞ்சள் நிற மருந்தைப் போட்டுவிட்டு, எந்தப் படி, என்ன படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

"நான் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன்" என்றார் விசாரணை அதிகாரி. "அந்த வாட்ச்மேன் காலையில ஒன்பது மணிக்குத் தவறிட்டார். இனிமே இது வேற கேஸ்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம். உங்க வீட்டுக்காரர்கிட்ட மறுபடி வாக்குமூலம் வாங்கணும், வண்டியையும் இன்னொரு தடவை பார்க்கணும். வண்டியில யாரும் கை வைக்க வேண்டாம்."

"கை வெச்சாச்சுங்க" என்றாள் சுண்டு. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "நீங்க குடுத்துட்டீங்களேன்னு... நான்தான் இனிமே ஓட்டணும். எனக்கு உயரம் பத்தலை. குறைச்சிருக்கோம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "சரி. என்னென்ன மாத்தினீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி, மெக்கானிக் கையெழுத்தோட வையுங்க. அதுல இல்லாத எதுவும் மாறியிருக்கக் கூடாது."

போனை வைத்தாள். கொழுந்தன் பக்கத்திலேயே நின்றதால் எல்லாம் கேட்டிருந்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றான் மெதுவாக. கிண்டல் எல்லாம் அவனைவிட்டுப் போயிருந்தது. "அண்ணி, யோசிச்சுப் பாருங்க. லீவரையும் உங்களுக்காகத்தான் மாத்தினோம்னு எழுதிட்டா, யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. வண்டி உங்களுக்குப் பொருந்தும். அவ்வளவுதான். ஷாக்கு போயாச்சு, சீட்டு போயாச்சு. மிச்சம் இருக்கிறது லீவர் மட்டும்தான்."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா, யார் மாத்தினதுன்னு கேட்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்னு இல்லை. ஆனா நீங்க என்ன எழுதறீங்களோ, அதுக்குக் கீழதான் என் கையெழுத்து." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏன்னு மட்டும் என்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடாதீங்க."

*

வீட்டுக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒரு சிக்னலிலும் தடுமாறவில்லை. காலையில் நடந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள்.

ஆனால் வழியெல்லாம் மண்டைக்குள் ஒரே குரல்தான் ஓடிற்று. லீவர், ஒண்ணு விடாம. உடனே மாத்திடு.

கட்டிலில் இருந்தவர் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். "வந்துட்டியா சுண்டு? கால் எட்டுதா?"

"எட்டுது."

"லீவர் மாத்தியாச்சா?"

கால் எட்டுகிறதா என்று ஒரு கேள்வி. அடுத்த கேள்வி லீவர். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டில் விளிம்பில் உட்காராமல் நின்றாள்.

"மாத்த வேண்டியிருக்கலை. ஏற்கெனவே என் கைக்கு இருந்தது."

அவர் முழங்கையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர், பிடிபட்டதும் தன் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அந்த வாட்ச்மேன் காலையில செத்துட்டார்" என்றாள்.

கட்டில் ஒரு தடவை கிறீச்சென்றது. முழங்கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஆறு வாரம்தான். ஞாயித்துக்கிழமை மட்டும். அவளுக்கு ஆசை. எனக்கும் ஆசை. நான் பின்னாடி உட்கார்ந்து ரெண்டு காலையும் ஊனிப்பேன், வண்டி சாயாது. வீட்டு வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் என் அளவுக்குத் திருப்பி வெச்சிடுவேன். அன்னைக்குத் திருப்ப முடியலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்!" அவள் போட்ட சத்தத்தில் மாத்திரை டப்பா உருண்டு விழுந்தது. "விட்டிருக்க மாட்டேன். அந்த மனுஷன் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். நீங்க நடந்துக்கிட்டிருப்பீங்க. என் பொண்ணு தூங்கிக்கிட்டிருப்பா."

"அவளை நான்தான் ஓடச் சொன்னேன். மாட்டேன்னா. கத்தினேன். ஓடினா." மூச்சை இழுத்தார். "பதினேழு வயசு சுண்டு. இனிமேதான் அவளுக்கு எல்லாமே. எனக்கு என்ன, இந்தக் கட்டில் எங்க இருந்தா என்ன?"

"ஜெயில்ல கட்டில் போட மாட்டாங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

சுண்டு மாத்திரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "நான் ஒரு முட்டாள்" என்றாள். "என் பேச்சுக்கு இறங்கி வந்துட்டீங்க, என்னை நம்பிட்டீங்கன்னு பூரிச்சுப் போய்க் கிடந்தேன். எனக்காக மாத்தச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"அதுவும்தான் சுண்டு."

"அதுவும்னா? எது முதல்ல?"

அவர் போர்வையை இழுத்து, குறைந்த காலை மூடிக்கொண்டார்.

அவளுக்கு அந்த வாட்ச்மேனின் மனைவியைத் தெரியும். தெரியும் என்றால், ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறாள். மடியில் சாப்பாட்டுப் பாத்திரம், நினைவில்லாத புருஷனுக்குத் தினமும் கொண்டுவந்து, தினமும் திருப்பி எடுத்துப்போகிறவள். சுண்டு அருகில் போய் ஏதாவது பேச நினைத்து, வாய் வராமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுவிட்டாள். அந்தப் பாத்திரத்துக்கு இனிமேல் வேலை இல்லை.

அதை நினைத்தாள். பாப்பாவின் சிராய்த்த உள்ளங்கையை நினைத்தாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? கொஞ்ச நேரத்தில் அவள் பாப்பாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

சீட் மெத்தை சீவியது. முன்பக்கக் குழாய் ஏற்றியது. பின்பக்க ஷாக் இரண்டும் மாற்றியது. சைட் ஸ்டாண்ட் அறுத்து ஒட்டியது. உடைந்த விளக்கு, வளைந்த ஹேண்டில். அதுவரை பேனா தடங்கலில்லாமல் ஓடியது, எல்லாம் நடந்ததுதானே.

பிறகு நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வாசலில் நின்ற வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்து, அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்காகத்தான் சார். என் கை சின்னது, பாருங்க.

கடைசி வரியை எழுதினாள். கிளட்ச் லீவர், பிரேக் லீவர் இரண்டும் நாலிலிருந்து ஒன்றுக்கு இன்று மாற்றியது.

எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் ஒருமாதிரி லேசாகிவிட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. பாப்பா. உள்ளே வராமல் வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

சுண்டு தாளைக் கையில் வைத்தபடியே எழுந்து போனாள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் முதலில் போனது மகளின் கால்மேல். வெறுங்கால். புழுதி.

"செருப்பு எங்கடி?"

எத்தனையோ கேட்க இருக்க, வாயில் அதுதான் வந்தது.

"ஆஸ்பத்திரி வாசல்ல" என்றாள் பாப்பா. "கழட்டிட்டு உள்ள போனேன். திரும்பி வர்றப்ப போட்டுக்கத் தோணலை."

சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது. ஏழு மணிக்குக் கிளம்பியதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இல்லை.

"தினமும் போனேன்மா. வார்டுக்கு வெளிய நிப்பேன். இன்னைக்கு நான் நிக்கிறப்பதான்..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவங்க வீட்டம்மா என்கிட்ட வந்தாங்க. தினமும் வர்றியே, நீ யாரும்மான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நான்தான் ஓட்டினேன்னு சொல்லிட்டேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "பாப்பா!" என்று அவர் கத்தினார். எழ முடியாத மனிதரின் குரல் மட்டும் எழுந்து வந்தது.

சுண்டு உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. "அவங்க என்ன சொன்னாங்க?"

"நம்பலை." பாப்பா இப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "என்னைத் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பார்த்தாங்க. 'இத்தனூண்டு இருக்கே. ஸ்டேஷன்ல அந்த வண்டியை நான் பார்த்தேன், அதோட லீவர்கூட உன் கைக்கு எட்டாது. அப்பனைக் காப்பாத்த என்கிட்ட வந்து பொய் சொல்லாதே, இன்னைக்காவது சொல்லாதே'ன்னு சொன்னாங்க. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லைம்மா. என்னைப் பொய்க்காரின்னுட்டாங்க."

"பாப்பா..."

"அதனால வந்து பாருங்கன்னு சொன்னேன். லீவர் ரெண்டும் என் கை அளவுக்குத்தான் இருக்கு, அப்பா திருப்பி வைக்கலை, நேர்ல காட்டறேன்னேன். நாளைக்குக் காலையில வர்றாங்க. போலீஸ் வர்றப்பவே வர்றேன்னு சொன்னாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள். சீவின சீட்டைப் பார்த்தாள், புது ஷாக்கைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. கையை நீட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கிளட்ச் லீவரைப் பிடித்தாள். லீவர் அவள் விரல்களுக்குள் அளவெடுத்தது போல வந்து உட்கார்ந்தது.

"நல்லவேளை" என்றாள் பாப்பா. "இதுல மட்டும் நீங்க யாரும் கை வைக்கலையேம்மா?"

சுண்டுவின் கையில் தாள் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே கொழுந்தனின் கையெழுத்து மட்டும் இன்னும் விழவில்லை.